முசாபிரும் அனுமதிப்பத்திரமும்: துறைமுக ஊர்களில் கூட்டுத் தங்குமிடத்தின் வரலாறு

"நம்மட வீடு, நம்மட காணி. ரெண்டு அறைய வாடகைக்கு விடுறதுக்கு கவுன்சிலுக்கு என்னத்துக்கு மனு எழுதணும்?"

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. சீனக்குடாவின் மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் வேலை செய்ய வெளியூர்ப் பையன்கள் வருகிறார்கள். நகரப் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடமாற்றம் பெற்று ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வருகிறார்கள். வளாகத்தில் படிக்கும் பிள்ளைகளும், உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் உல்லாசப் பயணிகளும் வருகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். வெளிநாட்டில் உழைத்த காசில் மாடி கட்டியவர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வெறுமையாய்க் கிடக்கும் அறைகளைப் 'போடிங்' ஆக்குகிறார். ஓர் அறைக்கு நாலு கட்டில், தலைக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. இதில் அரசுக்கு என்ன வேலை என்று அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

இதற்கு விடை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை, துறைமுகங்களின் வரலாற்றிலும் இருக்கிறது. அந்த வரலாற்றில் முஸ்லிம்கள் விடுதி நடத்துபவர்களாகவும் விடுதியில் படுத்தவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். சில வேளைகளில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு அன்னியமான சங்கதி அல்ல.

வீடும் விடுதியும்

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் 27 தொடக்கம் 29 வரையான வசனங்கள் வீடுகளுக்குள் நுழையும் ஒழுங்கைச் சொல்கின்றன. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமலும் சலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். ஆனால் 29ஆம் வசனம், யாரும் குடியிராத, உங்களுக்குப் பயன்படும் பொருள் உள்ள இடங்களில் நுழைவது குற்றமில்லை என்கிறது. இந்த இடங்கள் எவை என்று விளக்கவந்த ஆரம்பகால முபஸ்ஸிர்களில் பலர், வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களை உதாரணம் காட்டினர்.

வீட்டுக்கும் விடுதிக்கும் இடையே ஒரு கோடு இங்கே கீறப்பட்டிருக்கிறது. வீடு என்பது ஒரு குடும்பத்தின் மறைவிடம். அதன் வாசலில் நிற்பவன் அனுமதி கேட்க வேண்டும். விடுதியின் கதவோ முன்பின் தெரியாதவனுக்கும் திறந்திருக்கும். நவீன சட்டம் இதே கோட்டை மறுபுறத்திலிருந்து பார்க்கிறது. வீட்டில் குடும்பத்தோடு வாழ யாரிடமும் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத பலருக்கு ஒரே கூரையின் கீழ் காசுக்குப் படுக்கை கொடுப்பவரே அனுமதி கேட்க வேண்டும். உள்ளே நுழைபவன் அனுமதி கேட்காத இடத்தில், இடம் கொடுப்பவன் அதற்குப் பொறுப்பை ஏற்கிறான்.

முஸ்லிம் உலகில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் வக்பு சுமந்தது. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கனும் ஒருவன் (9:60). விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்ற கருத்திலான நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் இறங்கிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், தூரதேசத்திலிருந்து வரும் மாணவர்களுக்கும் பயணிகளுக்கும் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி ஏற்படுத்திய தங்குமிடங்களையும் குளியல் அறைகளையும் வைத்தியசாலையையும் வியந்து எழுதினார். மக்ரிபிலிருந்து வந்த வழிப்போக்கருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி வழங்கப்பட்டதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகச் சென்ற இப்னு பதூதாவை நாம் அறிவோம். அவர் சீனாவைப் பற்றி எழுதிய பகுதியில் நமது விடயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தங்கல் இடத்திலும் ஒரு விடுதி இருந்தது, அதற்கு ஓர் அதிகாரி இருந்தார். மஃரிபுக்குப் பிறகு அவர் எழுத்தருடன் வந்து, அன்றிரவு தங்கும் அத்தனை பேரின் பெயரையும் பதிந்து, முத்திரை வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போவார். காலையில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். முஸ்லிம் வியாபாரி ஒருவர் விடுதியில் தங்கினால், அவரது பணத்தை விடுதிக்காரர் பொறுப்பேற்றுக் கணக்கோடு செலவு செய்வார். காணாமல் போனால் விடுதிக்காரரே ஈடு செய்ய வேண்டும்.

இந்த வருணனையில் இரண்டு கூறுகள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, தங்குபவனுக்குப் பாதுகாப்பு. மற்றது, தங்குபவன் மீது கண்காணிப்பு. பிற்காலத்தில் வந்த அத்தனை அனுமதிப்பத்திரங்களிலும் இந்த இரண்டும் பிரியாத இரட்டையர்களாகவே தொடர்கின்றன.

லண்டனின் லஸ்கர்கள்

இன்று இலங்கையில் உள்ள விடுதிச் சட்டங்களின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அந்த வேருக்கு அருகில் நமது ஆட்களும் இருந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளை ஆங்கிலேயர் 'லஸ்கர்' என்றனர். சில்ஹெட், சிட்டகொங், குஜராத், மலையாளக் கரை என்று பல இடத்தவர். அவர்களில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். லண்டனில் சரக்கு இறங்கியதும், அடுத்த கப்பல் கிடைக்கும்வரை அவர்கள் தெருவிலும் நெரிசலான கொட்டில்களிலும் கிடந்தார்கள். ஷெட்வெல் பகுதியில் அவர்கள் அடைக்கப்பட்டிருந்த கொட்டில்களின் அவலம் 1814–15 காலத்தில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் விசாரணை வரைக்கும் போனது.

1851இல் ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் பொதுத் தங்குவிடுதிகள் சட்டம் நிறைவேறியது. ஒரு குடும்பத்தைச் சேராத பலர் இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஒரே அறையில் படுக்கும் வீடுகள் பதிவு செய்யப்பட வேண்டும். உள்ளே பரிசோதகர் வரலாம். தொற்றுநோய் கண்டால் உடன் அறிவிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்திலும் ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரத்திலும் சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். 1853இல் வந்த திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது: விடுதி நடத்த விரும்புபவரிடம், அவ்வூரில் வரி செலுத்தும் மூன்று குடியிருப்பாளர்கள் ஒப்பமிட்ட நற்சான்றை அதிகாரிகள் கேட்கலாம். கட்டடம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, கட்டடக்காரரும் நல்லவராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

சட்டம் வந்த உடனேயே லஸ்கர்களின் நிலை மாறிவிடவில்லை. 1857இல் லண்டனின் வெஸ்ட் இந்தியா டொக் வீதியில் ஆசியர், ஆபிரிக்கர், தென்கடல் தீவினருக்கான 'அந்நியர் இல்லம்' திறக்கப்பட்டது. பஞ்சாபின் பதவியிழந்த மகாராஜா துலீப் சிங் 500 பவுண் கொடுத்தார். இல்லம் படுக்கையும் சாப்பாடும் கொடுத்தது, மாலுமிகளின் காசைப் பத்திரப்படுத்தியது, திரும்பிப் போகக் கப்பல் தேடிக் கொடுத்தது. கூடவே மிஷனரிமாரும் வந்து போதித்தார்கள். அடைக்கலமும் மேற்பார்வையும் இங்கும் ஒரே வாசலால்தான் நுழைந்தன. 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம், துறைமுக ஊர்களின் உள்ளூராட்சி மன்றங்கள் மாலுமி விடுதிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவும் அவற்றைப் பரிசோதிக்கவும் உபவிதி ஆக்கலாம் என்றது. சம்பளம் வாங்கி இறங்கும் மாலுமியை மதுவிலும் கடனிலும் மூழ்கடித்து, அவன் அடுத்த பயணத்தின் முற்பணத்தையும் பறித்துக்கொள்ளும் விடுதிக்காரர்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருந்தார்கள். அவர்களைக் கட்டுப்படுத்துவது இந்த ஏற்பாட்டின் ஒரு நோக்கம்.

இலங்கைக்கு வந்த சட்டம்

இலங்கையில் 1865ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதற்கு அடுத்த 17ஆம் இலக்கம் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்த இரண்டும் விடுதிக்காரரின் இரண்டு எசமான்களாயின. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டுக்காரரிடம் அவர் வீட்டில் இருப்போரின் பட்டியலைக் கேட்கும் அதிகாரத்தைப் பொலிசுக்குக் கொடுத்தது. மாநகர சபைகளோ மலகூடம், குப்பை, கிணறு, சந்தை என்று சுகாதாரத்தைக் கையில் எடுத்தன. ஒருவர் 'உள்ளே யார் இருக்கிறார்?' என்று கேட்டார். மற்றவர் 'உள்ளே எப்படி இருக்கிறார்கள்?' என்று கேட்டார்.

இரண்டாவது கேள்வியைக் கூர்மையாக்கியது நோய். 1896இல் பம்பாய்த் துறைமுகத்தில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டே இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டமும், இலங்கையில் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நோய்த்தடைக் காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. 1914இல் பிளேக் கொழும்புக்கே வந்தது. தானிய மூட்டைகளோடு எலியும், எலியோடு தெள்ளும் வந்தன. கிட்டங்கிகளிலும் கடைமாடிகளிலும் நெருக்கமாகப் படுத்தவர்களுக்கு அது பெரும் ஆபத்து. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த சோனக வியாபாரிகளும் அவர்களது சிப்பந்திகளும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்: பகலில் கடை, இரவில் அதே கடையின் மாடியில் பாய், ஒரு பொதுச் சமையல், வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ப்பயணம். அது நம்பிக்கையில் நடந்த கூட்டுக் குடியிருப்பு. அதற்குப் பத்திரமும் இல்லை, சன்னலும் குறைவு.

1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இந்தப் பின்னணியில் வந்தது. கட்டடத்துக்கு முன்கூட்டியே அங்கீகாரம் பெற வேண்டும், கட்டி முடித்த பிறகு ஒழுங்குக்கு அமைவானது என்ற சான்றிதழ் இல்லாமல் குடியிருக்கக் கூடாது என்ற விதிகள் அதில் உண்டு. இன்று நாம் 'சீ.ஓ.சீ. எடுத்தாச்சா?' என்று கேட்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தச் சான்றிதழைத்தான். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கிய கலவரத்தில் கரையோரச் சோனகரின் கடைகள் தாக்கப்பட்டதும் நினைவிருக்க வேண்டும். கடையும் படுக்கையும் ஒன்றாக இருந்தவனுக்குக் கடை போனால் தங்குமிடமும் போய்விடும்.

திருகோணமலை: நிரம்பி வடியும் ஊர்

திருகோணமலையின் குடியிருப்புக் கதை அதன் துறைமுகத்தின் கதையேதான். இயற்கை கொடுத்த ஆழமான உட்துறைமுகம் இருந்தும், இந்த ஊரின் சனத்தொகையைத் தீர்மானித்தவை தூரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். பிறகு இது அவர்களின் கிழக்குக் கடற்படைத் தளங்களில் ஒன்றாயிற்று. 1904–05 காலத்தில், பிரித்தானியக் கடற்படையை மறுசீரமைத்த பிஷர் பிரபு செலவைக் குறைக்க எடுத்த முடிவால் இங்கிருந்த கப்பற் பட்டறை சுருங்கி ஊர் தூங்கிப்போனது. எண்ணெய்யில் ஓடும் கப்பல்கள் வந்ததும் சீனக்குடாப் பக்கம் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1927இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஊர் வெடித்துப் பெருத்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் திருகோணமலையின் முக்கியத்துவம் பல மடங்கானது. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. 1944இல் கிழக்குக் கடற்படை மறுபடி இங்கே நிலைகொண்டது. டொக்யார்ட் வேலைக்கும், பாதை வெட்டவும், குதம் காக்கவும் தீவின் நாலாபக்கத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா இருந்தது, சிப்பாய்க்குப் பரக்ஸ் இருந்தது. கூலிக்கு வந்தவன் படுத்தது வாடகைக் கொட்டிலிலும் சாப்பாட்டுக் கடையின் பின்புறத்திலும்தான்.

போர்க்கால நெருக்கடியில் நாடெங்கும் வாடகை ஏறியது. அதைப் பிடித்து நிறுத்த வந்தது 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம். அது பின்னர் 1948இன் 29ஆம் இலக்கச் சட்டமாகவும், 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாகவும் மாறியது. இந்த வரிசை, குடும்பமாக வீடெடுத்தவரை வீட்டுக்காரரின் பேராசையிலிருந்து காக்க எழுந்தது. கட்டில் கணக்கில் வாடகை கொடுத்தவனின் சுகாதாரமும் நெரிசலும் வேறொரு சட்டத்தின் பொறுப்பில் இருந்தன. 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம் தங்குவிடுதிகளை ஒழுங்குபடுத்தும் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை நகர சபைகளுக்குக் கொடுத்திருந்தது. பிற்காலத்தில் 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமப் புறங்களுக்கும் அந்த அதிகாரத்தை விரித்தது.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். நாட்டுக்கு அது வெற்றி. டொக்யார்ட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கும், அந்தத் தொழிலாளரை நம்பிக் கடையும் கொட்டிலும் வைத்திருந்தவர்களுக்கும் அது வருமானம் வற்றிய காலம். 1980இல் சீனக்குடாவில் மா ஆலை தொடங்கியது, பின்னர் சீமெந்து ஆலை வந்தது. ஆலைகளோடு வெளியூர் ஆட்களும் திரும்ப வந்தார்கள். அதற்குள் யுத்தமும் வந்துவிட்டது.

கிண்ணியா, மூதூர் மக்களுக்கு நகரம் என்பது தண்ணீரைக் கடந்து போகும் இடம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கடைசிப் 'பாதை' போய்விட்டால் அன்றிரவு நகரத்தில்தான். சொந்தக்காரர் வீடு இருந்தவன் அங்கே போவான். இல்லாதவன் பள்ளிவாசல் தாழ்வாரத்தைத் தேடுவான். "பாதை போயிட்டு வாப்பா, இஞ்சயே படுங்க" என்று பாய் போட்டுக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. அந்தப் பாய்க்கு அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதற்கு வாடகையும் இல்லை. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து முஸ்லிம்கள் இடம்பெயர்ந்து கந்தளாய்ப் பக்கம் போனபோதும் பாடசாலைகளும் பொதுக் கட்டடங்களுமே கூட்டுக் குடியிருப்பாயின. தங்குமிடம் என்பது இந்த மாவட்டத்தில் சொகுசைப் பற்றிய பேச்சாக ஒருபோதும் இருந்ததில்லை.

பட்டியல் ஆயுதமானபோது

அனுமதிப்பத்திரத்தின் நல்ல முகத்தை மட்டும் சொன்னால் வரலாறு முழுமையாகாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதி லொட்ஜுகளுக்குள் பொலிசும் படையினரும் நுழைந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்குமாக வந்து தங்கியிருந்த தமிழர்களை, தகுந்த காரணமின்றித் தங்கியிருப்பதாகச் சொல்லிப் பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர் அனுப்பப்பட்டதாக அப்போது அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானோர் வவுனியாவில் இறக்கப்பட்டார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அந்த லொட்ஜுகளில் தங்கியோரின் விபரம் பதிவில் இருந்தது. பதிவு அவர்களைக் காக்கவில்லை. தங்குபவனின் பாதுகாப்புக்கென்று எழுதப்படும் பெயர்ப்பட்டியல், ஓர் இரவில் அவனை வெளியேற்றும் பட்டியலாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அதேநேரம் அவர்களைத் திரும்ப அழைத்து வந்ததும் சட்டம்தான்: ஒரு பிரசை நாட்டில் விரும்பிய இடத்தில் தங்கலாம் என்ற அடிப்படை உரிமை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களின் பின்னர், அதே அனுபவத்தின் ஒரு பங்கு நமக்கு வந்தது. அவசரகால நிலை, வீட்டுக்கு வீடு சோதனை, புதிய முகம் என்றால் சந்தேகம். வெளியூரில் படித்த, வேலை பார்த்த முஸ்லிம்கள் பலருக்கு 'அறை இல்லை' என்ற பதில் கிடைத்தது. முதல் நாள் வரைக்கும் இருந்த அறை அது. 2007இல் லொட்ஜிலிருந்து ஏற்றப்பட்டவரின் மனநிலையை நம்மில் பலர் அப்போதுதான் புரிந்துகொண்டோம். நமது வீட்டுக் கதவைத் தட்டும் வேறு இனத்து, வேறு மதத்துப் பையனுக்கு நாம் சொல்லும் பதிலையும் அந்தப் புரிதலோடு எடைபோட வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் சுமார் 3,79,000 பேர் இருந்த இந்த மாவட்டத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். இங்கே வாடகைக்கு இடம் கொடுக்கும் கை பல வேளை நமது கைதான்.

இன்றைய நடைமுறை

சரி, இன்று ஒருவர் தன் மாடியைத் தங்குவிடுதியாக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவர் எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். திருகோணமலை நகருக்கு ஒரு மன்றம், உப்புவெளிக்கும் சீனக்குடாவுக்கும் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளிக்குக் குச்சவெளிப் பிரதேச சபை, மூதூருக்கு அதன் பிரதேச சபை என்று பிரிந்திருக்கிறது. கட்டடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் அமைவுச் சான்றிதழும் இருக்க வேண்டும். பல மனுக்கள் இந்த இடத்திலேயே தடக்கி நிற்கின்றன, ஏனென்றால் கீழ்வீட்டுக்கு வரைபடம் இருக்கும், பிறகு எழுப்பிய மாடிக்கு இராது. மன்றத்தில் மனுக் கொடுத்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மலகூடம், கிணறு அல்லது குழாய் நீர், காற்றோட்டம், குப்பை, சமையலறை ஆகியவற்றைப் பார்ப்பார். அனுமதிப்பத்திரம் அந்த வருடம் டிசம்பர் 31 வரைக்கும்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

'கவுன்சில்காரன் காசு புடுங்குவான்' என்ற பயத்துக்கும் பதில் உண்டு. இந்தக் கட்டணத்துக்குச் சட்டமே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. பிரதேச சபைகள் சட்டத்தில் அது இடத்தின் வருடாந்தப் பெறுமதியைப் பொறுத்தது. உல்லாசப் பயணத்துறையில் பதிந்த ஹோட்டல், தங்குவிடுதிகளுக்கு முந்திய வருட வருமானத்தின் 1 சதவீதத்துக்கு மேல் அறவிட முடியாது. உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பவர், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலும் பதிய வேண்டும். வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் இருந்துகொண்டு சில அறைகளைக் கொடுப்பதற்கு 'ஹோம் ஸ்டே' என்ற தனி வகுப்பு அங்கே இருக்கிறது. நமது குடும்பங்களுக்குப் பொருத்தமானது அதுதான்.

கடல் கடந்த நம்மவர்களும் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டப்படி, ஒரே குடும்பமல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குளியலறையையோ சமையலறையையோ பகிர்ந்து வாழும் வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். 2018 ஒக்டோபர் முதல் மாடிகளின் எண்ணிக்கை பார்க்கப்படுவதில்லை. அங்கே ஒரு வளர்ந்தவர் படுக்கும் அறை 6.51 சதுர மீற்றருக்கும், இருவர் படுக்கும் அறை 10.22 சதுர மீற்றருக்கும் குறையக் கூடாது. வீட்டுக்காரர் தகுதியும் நேர்மையும் உள்ளவர்தானா என்றும் பார்க்கிறார்கள். லஸ்கர் காலத்தின் நற்சான்று இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சிங்கப்பூரில் 2015இல் வந்த சட்டம் 1,000 கட்டிலுக்கு மேற்பட்ட தொழிலாளர் விடுதிகளையே தொட்டது. 2020 ஏப்ரலில் கொரோனா அந்த விடுதிகளில் காட்டுத்தீயாய்ப் பரவி, அங்கே படுத்திருந்த தமிழ், வங்காளத் தொழிலாளரை மாதக்கணக்கில் அறைக்குள் பூட்டியது. அதன் பிறகு 2023 ஏப்ரல் முதல் ஏழு கட்டில் இருந்தாலே அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாகிவிட்டது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்று விதித்தார்கள். 1914இல் கொழும்பு கற்ற பாடத்தை ஒரு செல்வந்த நாடு நூறு வருடம் கழித்து மறுபடி படித்தது.

வக்பு என்ற வழி

இந்த வரலாற்றிலிருந்து நமது சமூகம் எடுக்க வேண்டியவை சில உண்டு.

பத்திரமில்லாத போடிங் நடத்துபவர் மிச்சம் பிடிப்பது சொற்பம், இழக்கக்கூடியது அதிகம். மின் ஒழுக்கில் தீப்பிடித்தாலோ, தங்கியிருந்த பையன் ஒருவன் மௌத்தானாலோ, அல்லது ஒரு சோதனை நாளிலோ, அவர் கையில் தன் நேர்மையைக் காட்ட ஒரு கடதாசியும் இராது. தங்கியிருப்பவனின் நிலை அதைவிட மோசம். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை, நாளைக்கே வெளியே போ என்றால் போக வேண்டியதுதான். பதிவுப் புத்தகத்தை வைத்திருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அது அமானிதம். சட்டம் கேட்கும் விபரத்தைச் சட்டப்படி கேட்பவருக்குக் கொடுக்கலாம். தெருவில் போகிறவர் கேட்டதற்கெல்லாம் தங்கியிருப்பவனின் பெயரையும் ஊரையும் சொல்வது துரோகம்.

அடுத்தது, தனியாரின் போடிங்கை மட்டும் நம்பாமல் நமது பழைய வழியைப் புதுப்பிப்பது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் பின் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டமும் பள்ளிவாசல்களுக்கும் தர்ம நம்பிக்கைப் பொறுப்புகளுக்கும் சட்ட உருவம் தந்தன. நமது பள்ளிவாசல்கள் பலவற்றுக்குக் கடையறைகள் இருக்கின்றன, அவற்றின் வாடகை வருகிறது. மேல்மாடி பல இடத்தில் சும்மா கிடக்கிறது. துறைமுகத்துக்கு வரும் தொழிலாளிக்கும் வளாகத்துக்கு வரும் மாணவனுக்கும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நோயாளியின் உறவினருக்கும் நியாயமான வாடகையில் படுக்கை கொடுக்கும் முசாபர்கானா ஒன்றை வக்பாக அமைத்து, வரைபடம், பரிசோதனை, அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் முறையாக எடுத்து நடத்தலாம். பெண்களுக்கு வேறு வாசலோடு வேறு கட்டடம் வேண்டும். கணக்கு வருடா வருடம் ஜமாஅத்தின் முன் வைக்கப்பட வேண்டும். வழிப்போக்கன் என்ற சொல்லுக்கு மதம் நிபந்தனையாகச் சொல்லப்படவில்லை என்பதால், அந்த வாசல் தமிழ், சிங்களப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். வாடகைக் கட்டணத்தில் நடக்கும் பகுதியை ஸகாத் நிதியோடு கலக்காமல் வேறாக வைப்பது உலமாக்களோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

"நம்மட வீடுதானே" என்று கேட்ட சகோதரருக்கு இப்போது பதில் சொல்லலாம். வீடு உங்களுடையதுதான். அதில் நாலு கட்டில் போட்டு, முன்பின் தெரியாத நாலு உம்மாமாரின் பிள்ளைகளைப் படுக்க வைத்த நாளிலிருந்து அந்த உம்மாமாருக்கும் அதில் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், நேரில் வந்து சன்னலையும் மலகூடத்தையும் பார்க்க முடியாது. அவர்களுக்குப் பதிலாக ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒப்பமிட்ட கடதாசிதான் அனுமதிப்பத்திரம். வரும் வருடத்துக்கான விண்ணப்பத்தை டிசம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.